வெறுங்காலும் பாய்மரம் இல்லாத படகும்

என் இருபத்தாறு வருட அரசாங்க உத்தியோகத்தில் என்னை அதிகமாக அவமானப்படுத்தியவர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், மேலதிகாரிகள், ஆடிட்டுக்கு வந்தவர்கள், என் மைத்துனர் எல்லோரும் ஆறுதல் பரிசோடு திரும்ப வேண்டியதுதான். முதல் பரிசு, கொல்லிமலையில் பழைய லாரி டயர் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கும் ஒரு மெக்கானிக்குக்கு. நாலு வருடம் அங்கே வேலை பார்த்தும் அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. மலை முழுக்க அவரை ‘வெறுங்காலு’ என்றுதான் கூப்பிட்டார்கள். அவரும் அதற்குத்தான் திரும்பிப் பார்த்தார்.

அவர் செருப்புப் போடமாட்டார். சரி, அது அவர் இஷ்டம். அடுத்தவனையும் போடவிடமாட்டார், அதுதான் அக்கிரமம். எஞ்சின் ஓடுகிற இடம் எதுவானாலும், மாவு மில்லோ, டிராக்டரோ, டவுன் பஸ்ஸோ, அவர் அங்கே இருந்தால் செருப்போடு யாரும் காலை வைக்க முடியாது. “செருப்பக் கழட்டுங்க” என்பார். வணக்கம் கிடையாது, வாங்க கிடையாது. அவர் வாயிலிருந்து வருகிற முதல் வார்த்தையே அதுதான்.

மலைக்காரர்கள் சாமை அடிக்கிற களத்தில் செருப்போடு நடக்கமாட்டார்கள். அந்த மாதிரி பக்தி போலிருக்கிறது என்று நினைத்து ஒருநாள் மரியாதையாகவே கேட்டேன். மனுஷருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

“பக்தியெல்லாம் கோயில்லங்க சார். எஞ்சின் சொல்றது காதுக்குப் பாதிதானுங்க வரும். மீதி பாதத்துக்குத்தான் வரும். நீங்க ரெண்டு இஞ்சு ரப்பரு மேல நின்னுக்கிட்டு எஞ்சின் சரியில்லைன்னா, அது உங்ககிட்ட எப்படிங்க பேசும்?”

இதை அவர் தன்னுடைய ஷெட்டில் ஏழெட்டுப் பேர் முன்னால் சொன்னார். எதையும் தனியாகச் சொல்கிற பழக்கமே அந்த ஆளுக்குக் கிடையாது. ஒருவரைக் குறை சொல்வதென்றால் சுற்றிலும் கூட்டம் சேரும்வரை காத்திருப்பாரோ என்றுகூட எனக்குச் சந்தேகம் உண்டு.

அவரை நான் முதலில் பார்த்ததே நான் மலைக்கு மாற்றலாகி வந்த அன்றுதான். மலையடிவாரத்தில், காரவள்ளியில் பஸ் ஏறினேன். புது இடம் என்று கறுப்பு ஷூ போட்டு, லேஸ் கட்டி, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். டிரைவர் பக்கத்தில் லுங்கி கட்டிய ஒருவர் கம்பியைப் பிடித்தபடி, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். எழுபது கொண்டை ஊசி வளைவில் முப்பதைத் தாண்டியிருப்போம். திடீரென்று, “நிறுத்துங்க! அடியில ஜாயின்ட்டு போவுது!” என்று கத்தினார். டிரைவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உடனே அவர் எங்கள் பக்கம் திரும்பி, “எல்லாரும் செருப்பக் கழட்டிட்டு மிதிச்சுப் பாருங்க, தெரியும்” என்றார். பாதி பஸ் கழற்றியது. எனக்கு லேஸ். “ஷூ போட்ட சாருக்குத் தெரியாதுங்க, அவர உட்டுருங்க” என்றார். பஸ்ஸே சிரித்தது.

டிரைவர் வண்டியை நிறுத்தினார், ஆனால் அவரை இறக்கிவிடத்தான். அவரும் சந்தோஷமாக இறங்கி, எங்களையெல்லாம் திட்டியபடி நடந்தே மலையேற ஆரம்பித்தார். பஸ் பத்திரமாக மேலே வந்து ஸ்டாண்டில் நின்றது. நாங்கள் அவரைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டே இறங்கினோம். திரும்பப் புறப்பட டிரைவர் கியரைப் போட்டாரோ இல்லையோ, அடியிலிருந்து ஒரு இரும்புத்தடி டமால் என்று ரோட்டில் விழுந்தது. இரண்டு மணி நேரம் கழித்து வெறுங்கால் நடந்து வந்து சேர்ந்தார். ‘நான் அப்பவே சொன்னேனே’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மனசு ஆறியிருக்கும். சொல்லவில்லை. பஸ்ஸை வெயிலில் நிறுத்தியதற்காக டிரைவரைத் திட்டிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்தது என் பைக். மேட்டில் திணறுகிறது என்று அவர் ஷெட்டுக்குக் கொண்டுபோனேன். ஸ்பேனரை எடுப்பார் என்று பார்த்தால், பின்னால் ஏறி உட்கார்ந்து, “ஓட்டுங்க” என்றார். சந்தைப்பக்கம் வரை போய்த் திரும்பினோம். இறங்கியதும் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துச் சொன்னார்:

“வண்டியில ஒண்ணுமில்லீங்க. சாரு பிரேக்கு மேலேயே கால வெச்சுக்கிட்டு ஓட்டுறாரு. பயம்! எதுக்குன்னுதான் தெரியல.”

பைக்கைப் பற்றிக் கேட்டால் பைக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைப் பற்றி யார் கேட்டார்கள்? அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. அவர் சொன்னது உண்மை என்பது வேறு சேர்ந்துகொண்டது.

இப்போது படகுக்கு வருகிறேன். நான் சொந்த ஊராக விருதுநகர்ப் பக்கம் ஒரு ஊரைச் சொல்லிக்கொள்கிறவன். எங்கள் ஊரில் தண்ணீரைக் குடத்தில் பார்த்தால்தான் உண்டு. ஆனால் மலையில் எங்கள் சுற்றுலாத் துறையின் ஏரிக்கும் படகுகளுக்கும் பொறுப்பாளர் வேண்டும் என்றபோது, மேலதிகாரி என் பைலைப் புரட்டிவிட்டு, “தெற்கத்திக்காரர்தானே, கடல் பக்கம். படகெல்லாம் உமக்கு அத்துப்படியா இருக்கும்” என்று என்னை அங்கே போட்டுவிட்டார். நான் கடலை வாழ்க்கையில் மூன்று தடவை பார்த்திருக்கிறேன். மூன்று தடவையும் வாந்தி எடுத்திருக்கிறேன். இதையெல்லாம் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, பிரேக்கில் கால்.

அந்த ஏரியில் நாலு அன்னப் படகும் ஒரு நிஜப் படகும் இருந்தன. நிஜப் படகு ஒரு பழைய பாய்மரப் படகு. மலையில் எஸ்டேட் வாங்கிய யாரோ ஒரு பணக்காரர் ஆசைப்பட்டுக் கடற்கரையிலிருந்து லாரியில் ஏற்றி வந்தாராம். காரவள்ளியில்தான் விஷயம் புரிந்திருக்கிறது, பாய்மரம் நீளத்துக்குக் கொண்டை ஊசி வளைவில் லாரி திரும்பாது. மரத்தைக் கழற்றி அடிவாரத்திலேயே விட்டுவிட்டு, படகை மட்டும் மேலே கொண்டுவந்தார்கள். அந்தப் பாய்மரம் இன்றைக்கும் காரவள்ளியில் ஒரு டீக்கடையின் தார்ப்பாயைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. பணக்காரர் வெளிநாடு போகும்போது படகை எங்கள் துறைக்குத் தானமாகக் கொடுத்துவிட்டார். பாயும் இல்லாமல் மரமும் இல்லாமல், வயிற்றுக்குள் இருந்த சின்ன டீசல் எஞ்சினை நம்பி அது சுற்றுலாப் பயணிகளைச் சுமந்துகொண்டிருந்தது.

அதை ஓட்டியவர் செல்லமுத்து. மலையிலேயே பெரக்கரை நாட்டுக்காரர், தினக்கூலி. படகு இருக்கிறவரைதான் அவருக்கு வேலை. மகளை அப்போதுதான் நாமக்கல்லில் நர்ஸிங் சேர்த்திருந்தார். நல்ல மனுஷர், என்னை ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை.

நான் பொறுப்பேற்ற இரண்டாம் வருடம் படகுக்குச் சீக்கு வந்தது. எஞ்சின் போடுகிற சத்தத்துக்கு ஏரி அதிரும். படகு நகராது. நகராது என்று சொல்வதும் பாவம், நகரும். கரையிலிருந்து புறப்பட்டால் அன்னப் படகில் மிதித்துப் போகிற புதுமணத் தம்பதிகள் எங்களைத் தாண்டிப் போய், மறுகரையைத் தொட்டு, திரும்பி வருகிற வழியில் எங்களுக்கு டாட்டா காட்டுவார்கள். பயணிகள் என்னைத்தான் முறைப்பார்கள். நானா தள்ள முடியும்?

சும்மா இருக்கவில்லை. டீசல் பில்டரை மாற்றினோம். டேங்கை இறக்கிக் கழுவினோம். குழாயில் காற்று அடைத்திருக்கும் என்று காற்றைப் பிடுங்கினோம். புகை போகிற பைப்பைக் குச்சி விட்டுக் குத்தினோம். கியர் ஆயிலை மாற்றினோம், பெல்ட்டை இறுக்கினோம். ஒவ்வொன்றுக்கும் எஞ்சின் சத்தம் இன்னும் கம்பீரமாகிக்கொண்டே போனது, படகு மட்டும் அதே நடைதான். கடைசியில் நானே ஒரு விளக்கம் கண்டுபிடித்தேன். மலை உயரத்தில் காற்று மெல்லிசு, எஞ்சினுக்கு மூச்சுப் போதவில்லை, வயசும் ஆகிவிட்டது. இதை நல்ல ஆபீஸ் தமிழில் எழுதினேன். ‘எஞ்சின் முதுமையின் காரணமாகச் செயலிழந்துள்ளது. படகைக் கழிவு செய்யப் பரிந்துரைக்கப்படுகிறது.’ கீழே கையெழுத்து, முத்திரை.

அனுப்பிய பிறகுதான் செல்லமுத்து ஞாபகம் வந்தது. படகைக் கழித்தால் அவரையும் கழித்த மாதிரிதான். அவரிடம் சொன்னபோது, “பரவால்லீங்க சார், நீங்க என்ன பண்ணுவீங்க” என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

வெள்ளிக்கிழமை மேலதிகாரி நேரில் வந்து பார்த்துக் கழிவு ஆர்டரில் கையெழுத்துப் போடுவதாகத் தகவல் வந்தது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நான் ஏரிக்குப் போனால், படகின் நடுவில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு வெறுங்கால் நிற்கிறார். பக்கத்தில் செல்லமுத்து தலையைக் குனிந்துகொண்டிருக்கிறார். என்னைக் கேட்காமலே கூட்டிவந்துவிட்டார். நாலு வருடத்தில் அவர் என்னை மீறிச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

“யார் இவரை உள்ளே விட்டது?” என்று கரையிலிருந்து கத்தினேன்.

“செருப்பக் கழட்டிட்டு வந்து கேளுங்க” என்றார் வெறுங்கால்.

“இது அரசாங்கப் படகு. ரிப்போர்ட் போயாச்சு. எஞ்சினுக்கு வயசாயிடுச்சு. உயரத்துல காற்று மெல்லிசு.”

“அப்படிங்களா? காத்து மெல்லிசா இருந்தா கொஞ்சம் தெணறும், ஒத்துக்கிறனுங்க. ஆனா இந்த ரோட்டுல ஓடுற பஸ்ஸெல்லாம் என்ன கடலுக்கடியிலயா ஓடுது? வயசாயிடுச்சாம்! உங்களுக்கும்தான் வயசாவுது, உங்களக் கழிச்சாங்களா?”

டிக்கெட் வாங்க நின்றிருந்த ஒரு குடும்பம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. சின்னக் குழந்தைகூடப் பார்த்தது.

அவர் விசாரணையை ஆரம்பித்தார். ஒரு குற்றவாளியைக் கேட்பதுபோல் கேட்டார். “கடைசியா நல்லா ஓடுனது எப்பங்க?”

“போன வருஷம் கோடை விழாவுக்கு முன்னாடி.”

“அதுக்கப்பறம் கெட்டுப்போச்சு. நடுவுல என்ன பண்ணுனீங்க?”

“ஒண்ணும் பண்ணலை” என்றேன். பொய் சொல்லவில்லை. சத்தியமாக எனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

“ஒண்ணும் பண்ணாத எதுவும் கெடாதுங்க சார். யோசிங்க” என்றுவிட்டுச் செல்லமுத்துவை எஞ்சினைப் போடச் சொன்னார். படகு கயிற்றில் கட்டியபடியே உறுமியது. அவர் படகின் மூக்கிலிருந்து வால் வரை பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து நடந்தார். எஞ்சின் மேல் நின்றார். “இது ராசா மாதிரி இருக்குது” என்றார். கியர் மேல் நின்றார். “இதுவும் சரி.” பின்கோடியில் போய் நின்றார். அங்கேயே நின்றுவிட்டார். முகம் சுருங்கியது. சீக்கு மாட்டைப் பார்க்கிற வைத்தியரின் பார்வை.

“சார். இங்க வாங்க. கழட்டிட்டு வாங்க.”

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். செல்லமுத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வாழ்நாளில் முதல் முறையாக ஒரு மெக்கானிக் சொல்லி ஷூவைக் கழற்றினேன். சாக்ஸில் பெருவிரல் பக்கம் ஓட்டை. அதையும் கழற்றினேன். மரத்தட்டு ஜில்லென்று இருந்தது.

“எஞ்சின் மேல நில்லுங்க. என்ன தெரியுது?”

“கிர்ருன்னு இருக்கு.”

“ஒரே சீரா?”

“சீராத்தான் இருக்கு.”

“இப்ப பின்னால வாங்க.”

பின்னால் போய் நின்றேன். கிர்ருக்கு நடுவில் ஒரு தட்டு. விட்டு, மறுபடி ஒரு தட்டு. ஒரு காலை ஊன்றி மறுகாலை இழுத்துக்கொண்டு யாரோ எனக்குக் கீழே நடந்துபோகிற மாதிரி இருந்தது.

“நொண்டுது” என்றேன். என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததில் எனக்கே மகா எரிச்சல்.

வெறுங்கால் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. “அப்பாடி! ஆபீஸ் காலுக்கும் உசுரு இருக்குதுங்க. நோவு எஞ்சின்ல இல்ல, அடியில தண்ணியத் தள்ளுற விசிறியில. தூக்கிப் பார்க்கோணும்.”

தூக்குவது எப்படி? கிரேன் கிடையாது. நாளைக்கு அதிகாரி வருகிறார். தண்ணீரில் முங்கிப் பார்க்கலாம் என்றால், அப்போதுதான் தெரிந்தது, இவ்வளவு அதிகாரம் செய்கிற மனுஷருக்கு நீச்சல் தெரியாது. எனக்கும் தெரியாது. செல்லமுத்துவுக்கு ஒரு காதில் ஆபரேஷன் ஆகியிருந்ததால் முங்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கொல்லிமலை ஏரியில் படகைக் காப்பாற்ற நின்ற எங்கள் மூன்று பேருக்கும் தண்ணீருக்கும் ஸ்நானப்பிராப்தி இல்லை.

“பின்பக்கம் தூக்கோணும்னா முன்பக்கம் அமுத்தோணும். எல்லாரும் முன்னால ஏறுங்க” என்றார் வெறுங்கால். அலுவலகத்தில் இருந்த ஐந்து பேரும் ஏறினோம். டிக்கெட் வாங்க வந்த குடும்பமும் ஏறியது, அவர்களுக்கு இதுவே நல்ல சவாரியாகத் தெரிந்திருக்கும். படகின் வால் ஒரு சாண் எழும்பியது. போதவில்லை.

அப்போது ரோட்டில் ஒரு லோடு ஆட்டோ வந்தது. பொன்னம்மா, பலாப்பழ வியாபாரம் செய்கிறவர். சோளக்காட்டுச் சந்தைக்குப் பழம் ஏற்றிக்கொண்டு போகிறார். வெறுங்கால் நடுரோட்டில் போய்க் கையை விரித்து நின்றார்.

“ஏனுங்க பொன்னம்மாக்கா, உங்க பழத்தையெல்லாம் கொஞ்ச நேரம் படகுல வெக்கோணும்.”

“படகுலயா? என்ன வெளையாட்டு? சந்தைக்கு நேரமாவுது.”

“செல்லமுத்து வேலை போவுதுங்க.”

பொன்னம்மா உடனே கீழே இறங்கினார். “எறக்குங்க” என்றார். “ஆனா பழத்தோட நானும் வருவேன். உங்களையெல்லாம் நம்ப முடியாது.”

அரசாங்க ஊழியர்கள் வரிசையாக நின்று பலாப்பழம் கைமாற்றிக்கொண்ட காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நாற்பது பழம், ஒவ்வொன்றும் ஒரு சின்னப் பிள்ளை கனம். என் வெள்ளைச் சட்டை முழுக்க முள் குத்தின புள்ளிகள். கடைசியில் நாங்கள் பத்துப் பேரும், நாற்பது பலாப்பழமும், பழத்தின் மேல் ராணி மாதிரி பொன்னம்மாவும் மூக்கில் அடைந்து உட்கார, படகு தலைகுனிந்தது, வால் தண்ணீரைவிட்டு எழும்பியது. வெறுங்கால் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, ஒரு கையால் படகைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மறுகையால் அடியில் தடவினார்.

“விசிறி எங்கங்க? இங்க ஒரு கட்டிதான் இருக்குது. வாழைப்பூவாட்டம்.”

அந்தக் கட்டியை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு, “பொன்னம்மாக்கா, உங்க கத்தியக் குடுங்க” என்றார். பால் ஒட்டாமலிருக்க எண்ணெய் தடவிய பலாப்பழக் கத்தி. சுரண்ட ஆரம்பித்தார். தண்ணீர் மேல் துண்டு துண்டாக என்னவோ மிதந்து வந்தது. மஞ்சள். பளபளவென்று எனாமல் பெயின்ட். எங்கள் அலுவலகச் சுவரின் மஞ்சள். என் அறைக் கதவின் மஞ்சள்.

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. போன கோடை விழாவுக்கு அதிகாரிகள் வருகிறார்கள் என்று வாடகைக் கிரேனில் படகைக் கரையேற்றி, அலுவலகத்துக்கு அடித்து மிஞ்சிய பெயின்டை அடிக்கும்படி பெயின்டரிடம் சொன்னேன். ‘ஒரு இடம் விடாம அடிப்பா’ என்று நானே நின்று சொன்னேன். அவனும் ஒரு இடம் விடவில்லை. இதை நான் மறைக்கவில்லை ஐயா. பெரியவர்கள் வருவதற்கு முன்னால் கண்ணில் பட்டதற்கெல்லாம் பெயின்ட் அடிப்பது எங்கள் துறையில் ஒரு வேலையாகவே கணக்கில்லை. பல் தேய்த்தேன் என்று யாராவது ரிப்போர்ட் எழுதுவார்களா?

இந்த மாதிரி பாய்மரப் படகில் விசிறி மடங்கும். காற்றில் பாய் இழுத்துப் போகும்போது தண்ணீரைத் தடுக்காமலிருக்க இரண்டு இலையும் மொட்டு மாதிரி மூடிக்கொள்ளும்; எஞ்சின் சுற்றினால் விரிந்துகொள்ளும். இது எங்கள் யாருக்கும் தெரியாது. மூடிய மொட்டின் மேல் பெயின்டர் அடித்துவிட்டான். எஞ்சின் ஒரு வருடமாக முக்கி முக்கி ஒரு இலையைப் பாதி திறந்திருக்கிறது. இன்னொன்று திறக்கவே இல்லை.

“அந்தப் பெயின்டர் பயலை...” என்று ஆரம்பித்தேன்.

படகின் வாலுக்குப் பின்னாலிருந்து வெறுங்காலின் தலை எழும்பியது. “பெயின்டரத் திட்டாதீங்க. அடிக்கச் சொன்னது யாரு? மூணு கோட்டு! எஞ்சின் பாவம், கையக் கட்டிப்போட்டு நீஞ்சச் சொல்லியிருக்கீங்க. அதுவும் ஒரு வருசமா நீஞ்சிருக்குது. அதப் போயி வயசாயிடுச்சு, கழிச்சிருன்னு எழுதுறீங்களே, மனசு வந்துதுங்களா?”

பத்துப் பேர், நாற்பது பலாப்பழம், பொன்னம்மா, எல்லோர் முன்னாலும். நான் வெறுங்காலோடு நின்று கேட்டுக்கொண்டேன். செல்லமுத்து மட்டும் என்னைப் பார்க்காமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாயங்காலத்துக்குள் இரண்டு இலையும் விரிந்து மடங்கின. பழத்தை இறக்கிவிட்டு எஞ்சினைப் போட்டார்கள். படகு துள்ளிக்கொண்டு போன வேகத்தில் அன்னப் படகுகள் நாலும் அலையில் ஆடின. செல்லமுத்து ஏரியை மூன்று சுற்றுச் சுற்றினார். நாலாவது சுற்றில் அழுகிறார் என்று தெரிந்தது. எனக்கோ மறுநாள் கவலை. நாளைக்கு அதிகாரி கேட்பார். இந்த மனுஷர் வாய் சும்மா இருக்காது.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். ஜீப்பிலிருந்து இறங்கியவர் நேராகப் படகில் காலை வைக்கப் போனார்.

“செருப்பக் கழட்டுங்க” என்றது குரல்.

அன்றைக்கும் வந்துவிட்டார்! அதிகாரி என்னைப் பார்த்தார். நான் ஏற்கெனவே ஷூவைக் கழற்றிவிட்டு நின்றேன். அதைப் பார்த்து இது ஏதோ மலை வழக்கம் என்று நினைத்தாரோ என்னவோ, மறுபேச்சில்லாமல் கழற்றிவிட்டார். படகு சீறிக்கொண்டு ஒரு சுற்று வந்தது. அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

கரைக்கு வந்ததும் என்னிடம் ரிப்போர்ட்டை நீட்டினார். “எஞ்சின் செத்துடுச்சுன்னு எழுதியிருக்கீரே?”

நான் ரிப்போர்ட்டை வாங்கி, என் கையெழுத்துத்தானா என்று உற்றுப் பார்த்தேன்.

அவர் வெறுங்காலைப் பார்த்தார். “என்னப்பா கோளாறு?”

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“பெருசா ஒண்ணுமில்லீங்க. பின்னால விசிறி மடங்கிக் கெடந்துச்சு. நிமித்தி உட்டோமுங்க.”

“யார் கண்டுபிடிச்சது?”

“சாருதானுங்க” என்று என்னைக் காட்டினார். “பின்னால நின்னு, நொண்டுதுன்னு அவருதான் மொதல்ல சொன்னாரு.”

பாருங்கள் அக்கிரமத்தை! இத்தனை வருடம் ஊரைக் கூட்டி வைத்து என்னைத் திட்டிய ஆள், திட்ட வேண்டிய ஒரே ஒரு நாளில் என்னைக் காப்பாற்றிவிட்டார். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பெயின்ட் என்ற சொல் மட்டும் இல்லை. அதிகாரி என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். செல்லமுத்துவின் வேலை தப்பியது. நான் வெறுங்காலைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பிரேக்குல கால இன்னும் எடுக்கலீங்களே சார்” என்றார். அதை மட்டும் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். “செரி, நான் போயிட்டு வாரேனுங்க.”

அவர் திட்டியதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். இதைத் தாங்க முடியவில்லை. திங்கட்கிழமை முதல் வேலையாகப் புது ரிப்போர்ட் எழுதினேன். ‘பழுதின் காரணம்: விசிறியின் மேல் பூசப்பட்ட பெயின்ட். பூசச் சொன்னவர்: கீழே கையொப்பமிட்டுள்ளவர்.’ முத்திரையை அழுத்திக் குத்தினேன். பத்தே நாளில் எனக்கு மெமோ வந்தது. என் சர்வீஸில் முதல் மெமோ.

அதை எடுத்துக்கொண்டு கோபமாக அவர் ஷெட்டுக்குப் போனேன். உம்மால்தான் என்று நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று. உள்ளே ஏதோ ஒரு டீசல் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மெமோவைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்தார். அங்கே என் ஷூ இரண்டும் ஒழுங்காகக் கிடந்தன. யாரும் சொல்லாமல் எப்போது கழற்றினேன் என்று எனக்கே தெரியவில்லை.

“உக்காருங்க சார், டீ சொல்றேன்” என்றார். பக்கத்தில் இருந்த இன்னொரு டயரை என் பக்கம் தள்ளினார்.

இப்போது நான் சமவெளியில், லிஃப்ட் வைத்த ஒரு கட்டடத்தில் இருக்கிறேன். பஸ்ஸில் ஏறினால் என் கால் தானாகச் செருப்பைக் கழற்றிக்கொள்கிறது, பக்கத்து சீட்டுக்காரர்கள் தள்ளி உட்காருகிறார்கள், மனைவி தலையில் அடித்துக்கொள்கிறாள். எல்லாம் அந்த ஆளால் வந்த வினை. நினைத்தால் இன்றைக்கும் கோபம் கோபமாக வருகிறது. ஒரு இரண்டு வாரம் அந்தக் கோபம் வராமல் போய்விட்டால் எனக்கு என்னவோபோல் ஆகிவிடும், உடனே போன் போட்டு, “நல்லா இருக்கீங்களா?” என்று கேட்டுவிடுவேன்.